வளையல் கிளாப்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துதீங்களா? சத்தம் கூடுதல்னு சொல்லலை. நான் வருசக்கணக்கா ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்துல நின்ன ஆளு, சத்தத்துக்கெல்லாம் பயப்பட மாட்டேன். இந்தப் பாட்டுதான் எனக்கு ஆகாது. டீக்கடையில இது, ஆட்டோவுல இது, இப்பம் பஸ்ஸுல உங்க போன்ல இது. நிறுத்திட்டீங்களா? நல்லாயிருப்பீங்க.

தூத்துக்குடிக்கா போறீங்க? சொந்த ஊரே அதானா? அப்பம் ஜெஸ்மிலான்னு ஒரு பிள்ளை, இந்தப் பாட்டைப் போட்ட பிள்ளை, மட்டக்கடைப் பக்கம் மாடியில ஸ்டுடியோ வச்சிருக்காம். பழக்கம் உண்டா? சும்மா கேக்கேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, எதுக்கு அப்படிச் சிரிக்கீங்க? யாரு யாருக்கு வேண்டியவன்னு இந்தக் காலத்துல கண்டுபிடிக்க முடியலை. இத்தனை சீட்டு காலியாக் கெடக்கு, நீங்க ஏறினதும் நேரா வந்து என் பக்கத்துல உக்காந்தீங்க. உக்காந்ததும் இந்தப் பாட்டைப் போட்டீங்க. வெயில் படாத பக்கம்னு உக்காந்தீங்களா? சரி, நம்புதேன். வயசு என்ன ஆவுது? இருபத்திரண்டா.

ம். சரி.

என் பேரு சிவசைலம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க அப்பாகிட்ட கேளுங்க, கீபோர்டு சைலம்னா தெரியும். நியூ வேவ்ஸ் இன்னிசைக் குழுன்னு எங்க குழு. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் வரைக்கும் எந்தக் கோயில்ல கொடைத் திருவிழான்னாலும் நாங்கதான். இப்பம் பாளையங்கோட்டையில செல்போன் கடை வச்சிருக்கேன். கவர் விக்கேன், சார்ஜர் விக்கேன், கண்ணாடி ஒட்டிக் குடுக்கேன். அது கெடக்கட்டும்.

ரெண்டாயிரத்துக்குப் பொறவு ஒரு சத்தம் வந்துச்சு தம்பி. நீங்க அப்பம் பொறந்தே இருக்க மாட்டீங்க. நெஞ்சுக்குள்ள இடிக்க மாரி பீட்டு, ரோபோ பேசுத மாரி குரலு, நடுவுல சாரல் அடிக்க மாரி கீபோர்டு சின்த்து, ரெண்டாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் ஒரு கைத்தட்டு. பாஷை புரியாட்டாலும் காலு தானா ஆடும். வெளிநாட்டு கேசட்டைக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தத்தை இந்த ஜில்லாவுக்குக் கொண்டாந்தவன் நான். பெருமைக்குச் சொல்லலை, நடந்தது அதான். அன்னைக்கு என்ன மரியாதை கிடைச்சுதுன்னு நினைக்கீங்க? எங்க தபேலாக்காரரு மேடையில இருந்தே எந்திரிச்சுப் போயிட்டாரு. "கரண்டு போனா உன் பாட்டு செத்துரும்வே"ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னாரு. மிஷின் சத்தம், தகர டப்பா சத்தம், இன்னும் என்னென்னமோ. அப்பம் என்னைத் திட்டாதவன் இல்லை.

இப்பம் என்னன்னா கொஞ்ச நாளா எங்க திரும்பினாலும் அதே சத்தம். அதே பீட்டு, அதே ரோபோ குரலு, அதே கைத்தட்டு. சின்னஞ்சிறுசுக உக்காந்து புதுசாப் பண்ணுதுக. கடைக்கு வாற காலேஜ் பயலுவட்ட கேட்டேன், ஏம்லே இது உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு. "வின்டேஜ் அங்கிள்"ங்கானுவ. நான் உயிரோட நிக்கேன், என் சவுண்டு பழம்பொருள் ஆயிட்டு.

நீங்களே யோசிங்க. இத்தனை வருசம் எவனும் சீண்டாத சத்தம் மேல எல்லாருக்கும் ஒரே நேரத்துல எப்படி ஆசை வரும்? தானா வருமா? எவனோ உக்காந்து திட்டம் போட்டுத்தான் செய்யுதான். போன வருசம் எங்க தெருவுல ஒரு பழைய சாமான்காரன் வந்தான். வழக்கமா பேப்பர், பாட்டில், இரும்புன்னுதானே கத்துவானுவ? இவன் "பழைய கீபோர்டு, பழைய டேப்பு"ன்னு கத்துதான். நான் வாசலுக்கு வந்ததும் சத்தத்தைக் குறைச்சுட்டான். வடிவுகிட்ட அப்பமே சொன்னேன், இவன் சாதாரண ஆளு இல்லைன்னு. அவ சிரிச்சா. வடிவு எங்க வீட்டுல. என் பொண்டாட்டி.

அந்தச் சிரிப்பையும் அப்பம் நான் சந்தேகப்படலை. கோட்டிக்காரன் நான்.

ஃப்ளாப்பின்னா தெரியுமா உங்களுக்கு? கம்ப்யூட்டர்ல சேமிக்கதுக்கு ஒரு சின்னக் கட்டம் படம் போட்டிருக்கும்லா, அது நிசமாவே ஒரு பொருளா இருந்துச்சு. உள்ளங்கை அளவு. எங்க கீபோர்டுக்காரங்களுக்கு அதுதான் சொத்து. நாங்க உருவாக்கின சவுண்டு எல்லாம் அதுலதான் இருக்கும். அடுத்த குழுக்காரன் கையில கிடைச்சா டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள காப்பி எடுத்திருவான். அதனால மேல ஒட்டுத லேபிள்ல எல்லாரும் பொய்தான் எழுதுவோம். ஆட்டப் பாட்டு ஃப்ளாப்பிக்கு மேல "தாலாட்டு"ன்னு எழுதியிருக்கும். இதுல கூத்து என்னன்னா, எழுதினவனுக்கே மறந்துரும். ஒருக்க ஒரு கல்யாணத்துல தாலி கட்டுத நேரம், கெட்டிமேளம் போடணும்னு "கெட்டிமேளம்"னு எழுதின ஃப்ளாப்பியைச் சொருகிட்டேன். உள்ள இருந்து டிஸ்கோ பீட்டு இடிக்கி. மாப்பிள்ளை கையில தாலியோட அப்படியே நிக்கான். பொண்ணுதான் முதல்ல சிரிச்சுது, நல்ல வேளை.

என்னோட பெரிய சொத்து எந்த ஃப்ளாப்பியில இருந்துச்சுன்னா, "ஐயப்பன் பஜனை"ன்னு எழுதினதுல. எவன் எடுப்பான் சொல்லுங்க? அதுக்குள்ளதான் என் வளையல் கிளாப்பு இருந்துச்சு.

வல்லநாடு பாலம் வந்துட்டா? ஆத்துல தண்ணி கெடக்கு. சொல்லுதேன், கேளுங்க. எனக்கு வலது காது மந்தம், ஸ்பீக்கர் தின்னுட்டு. நல்ல வேளை நீங்க இடது பக்கம் உக்காந்தீங்க.

கீபோர்டுல கைத்தட்டு சவுண்டு இல்லாம இல்லை. ஆனா அது ஈரச் சாக்கைத் தரையில அடிச்ச மாரி இருக்கும். சொந்தமா ஒரு கிளாப்பு பிடிக்கணும்னு வீட்டுலயே மைக்கு வச்சேன். முதல்ல ராயப்பனைத் தட்டச் சொன்னேன். ராயப்பன் எங்க குழுவுல ரிதம் பேடு வாசிச்சவன். அந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கிடுங்க, பொறவு வருவான். அவன் கை குச்சி பிடிச்சுப் பிடிச்சு காச்சுப்போன கை, தட்டினா கட்டையில கட்டை மோதுத மாரி விழுது. அப்பம் அடுப்படியில வடிவு நின்னா. நீ வந்து தட்டுன்னேன்.

அவளுக்கு அப்பம் ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்ச நேரம். அன்னைக்கே அவ அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நின்னாங்க, நாந்தான் ரெண்டு நாள் கழிச்சு அனுப்புதேன்னு நிப்பாட்டி வச்சிருந்தேன், வீட்டுல சமைக்க ஆளு வேணும்லா. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அதைக் கழட்டி வச்சுட்டுத் தட்டுன்னேன். மாட்டேனுட்டா. பிரசவம் முடியுத வரைக்கும் வளைகாப்பு வளையலைக் கழட்டக் கூடாதாம். "பிள்ளை உள்ள இருந்து இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு"ங்கா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. கிளாப்பு பிடிக்க உக்காந்தவன் முன்னால ஒரு வளையல் கடையே வந்து நின்னா எப்படி இருக்கும்?

சவம், அப்படியே தட்டுன்னுட்டேன். தட்டுதா. மறுபடி தட்டுன்னேன். மறுபடி தட்டுதா. உள்ளங்கை செவந்துபோச்சு அவளுக்கு. "போதுமாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே தட்டுதா. கடைசியா ஒண்ணு விழுந்துச்சு பாருங்க! தட்டு விழுந்த மறு நொடி எல்லா வளையலும் சேந்து "சிலுங்"னு ஒரு சத்தம். ஹெட்போனை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். இதுதான்டான்னேன். அதுக்குள்ள அவ என்னமோ சொல்லிச் சிரிச்சுக் கெடுத்துட்டா. மைக்கு முன்னால பேசக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் பொம்பளையாளுகளுக்கு ஏறுமா? வெட்டாததை அந்த ஐயப்பன் ஃப்ளாப்பியில ஏத்தி பீரோவுல வச்சேன். பேச்சை வெட்டிட்டு வெறும் கிளாப்பை மட்டும் கச்சேரிக்கு எடுத்துக்கிட்டேன். எடுத்தவன் நான், வெட்டினவன் நான், அளவு பாத்தவன் நான். அது என் சவுண்டு. அதுல எவனுக்கும் பங்கு கிடையாது.

வள்ளியூர் பக்கம் ஒரு கொடையிலதான் அதை முதல்முதலா மேடையேத்தினேன். முதல் கிளாப்பு விழுந்ததுமே கூட்டம் திரும்பிப் பாத்துச்சு. நாலாவது கிளாப்புக்கு மொத்த ஊரும் சேந்து தட்டுச்சு தம்பி. கெழவன் கெழவியெல்லாம் தட்டுதாங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு சாயங்காலம் அதுக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை.

அன்னைக்குத்தான் அவளை ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. நாள் கெடந்துச்சு, முன்னாலயே வலி கண்டுட்டு. பிள்ளை தங்கலை. பொம்பளைப் பிள்ளைன்னாங்க. நான் பாக்கலை, நான் வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. நான் இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும், டாக்டரே சொன்னாரு. கச்சேரிக்கு ஒத்துக்கிட்டாச்சு, நோட்டீஸ்ல பேரு போட்டாச்சு, கீபோர்டு இல்லாம எப்படிக் கச்சேரி நடக்கும்? வளையலை எல்லாம் நர்ஸம்மா கழட்டிப் போட்டுட்டாங்களாம். அதுக்குப் பொறவு வடிவு கண்ணாடி வளையலே போட்டதில்லை. ஏன்னு நான் கேட்டுக்கிடலை. வேற பிள்ளையும் எங்களுக்கு நிக்கலை. அது கெடக்கட்டும், நான் சொல்ல வந்தது ராயப்பனைப் பத்தி.

அந்த வள்ளியூர் கச்சேரிக்கு ராயப்பன் வரலை. ஆஸ்பத்திரியில சேத்த சேதி வந்ததும், எங்கிட்ட சொல்லாம பாதி வழியில வேனை நிப்பாட்டி இறங்கிப் போயிட்டான். பேடு இல்லாம நான் ஒத்தையில சமாளிச்சேன். மறுநாள் எங்கல போனன்னு கேட்டா, ஆஸ்பத்திரியில நின்னேங்கான். ரத்தம் குடுத்தேங்கான். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருந்தா இவன் எதுக்கு அங்க நிக்கணும்? இவன் ரத்தம் எதுக்கு அவளுக்கு? நியாயமாச் சொல்லுங்க தம்பி. அன்னைக்கு ஆரம்பிச்சது எனக்கும் அவனுக்கும். குழுவே உடைஞ்சுபோச்சு. அவன் தூத்துக்குடியில ஒரு சர்ச்சுல பாட்டு சொல்லிக்குடுக்கப் போயிட்டான். வடிவு மட்டும் கிறிஸ்மஸ் வந்தா அவன் வீட்டுக்கு ஒரு போன் போடுவா. "அண்ணன்"னு கூப்பிடுவா. அண்ணன்னு கூப்பிட்டா எல்லாம் சரியாயிருமா?

இப்பம் விசயத்துக்கு வாரேன். மூணு நாலு மாசத்துக்கு முன்னால கடையில உக்காந்திருக்கேன். ஒரு பய போனை நீட்டி, இதை ரிங்டோன் ஆக்கிக் குடுங்கங்கான். பாட்டு ஓடுது. பழைய பீட்டு, பழைய சின்த்துன்னு நானும் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன். கிளாப்பு விழுது. சிலுங்!

பய கையில இருந்து போனைப் பிடுங்கி இடது காதுல வச்சேன். ஊரு உலகத்துல ஆயிரம் கிளாப்பு இருக்கலாம். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? பயகிட்ட யாருலே இதைப் போட்டதுன்னா, தூத்துக்குடிப் பிள்ளை, ஜெஸ்மிலா, லட்சக்கணக்குல கேட்டிருக்காங்கங்கான். கடையை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடி பீரோவைத் திறக்கேன். ஐயப்பன் பஜனையைக் காணும்!

வடிவுகிட்ட கேட்டேன். தலையைக்கூட நிமித்தலை. தைச்சுக்கிட்டு இருந்த ஜாக்கெட்டைப் பாத்தபடியே, "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்"ங்கா. இரும்பு பீரோவுக்குள்ள எலி! பூட்டைத் திறந்து, புடவையை விலக்கி, ஃப்ளாப்பியை மட்டும் எடுத்துட்டு, திருப்பிப் பூட்டிட்டுப் போயிருக்கு அந்த எலி. என் காதுல பூச்சுத்துதா.

அதுக்குப் பொறவுதான் நான் கண்ணைத் திறந்து பாக்க ஆரம்பிச்சேன். சனிக்கிழமையானா தூத்துக்குடியில தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கெளம்புதா. முன்னால பொங்கலுக்கும் தீவாளிக்கும்தான் போவா. இப்பம் என்ன வாரா வாரம் தங்கச்சி மேல பாசம்? சரின்னு விட்டுட்டேன். போன வாரம் அவ தங்கச்சி பூமாரி கடைக்குப் போன் போடுதா. "அத்தான், அக்கா நல்லாயிருக்காளா? பாத்து ரொம்ப நாளாச்சே"ங்கா! அப்பம் வாரா வாரம் இவ எங்க போறா?

இன்னும் கேளுங்க. ஒரு மாசமா கையில கண்ணாடி வளையல் போட்டிருக்கா. பச்சையும் செவப்பும். இத்தனை வருசமா போடாதவ! சோறு வைக்கும்போது சிலுங்குது, துணி மடிக்கும்போது சிலுங்குது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. யாருக்காவ இதுன்னு கேட்டுட்டேன். "எனக்காவத்தான்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ராயப்பனும் ரெண்டு மூணு தடவை எனக்கே போன் போட்டான். நான் எடுக்கலை. எதுக்கு எடுக்கணும்? எடுத்தா நல்லவன் மாரி பேசி நம்மளைக் கவுத்திருவான். நம்பரையே தடை பண்ணிட்டேன். பொறவுதான் கடைக்கு வந்த ஒருத்தன் சொல்லுதான், அந்த ஜெஸ்மிலாவே ராயப்பன்கிட்ட பாட்டு படிச்ச பிள்ளையாம். எப்படி? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கூடி வருதா இல்லையா? அவன் சொல்லிக்குடுத்திருக்கான், இவ எடுத்துக் குடுத்திருக்கா, அந்தப் பிள்ளை போட்டிருக்கு. நான் ஒருத்தன்தான் வெளிய.

வீட்டுல அந்தப் பாட்டு டிவியில வந்தா உடனே நிறுத்திருவேன். முதல் சிலுங் வந்ததும் ரிமோட்டைத் தேடுவேன், அதுக்கு மேல என்னால கேக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் வடிவு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவா. "கடைசி வரைக்கும் கேட்டுட்டுப் பேசுங்க." வேற வார்த்தை கிடையாது. திட்டினாலும் அதான், கத்தினாலும் அதான். என்னைக் கிண்டல் பண்ணுதா. கடைசியில என்ன வந்துரப் போகுது? அதே பீட்டு திரும்பத் திரும்ப வரும், முடியும். அந்தச் சங்கீதத்துல கடைசின்னு ஒண்ணே கிடையாது, நாங்கள்லாம் அப்படியே பைய சத்தத்தைக் குறைச்சுட்டு வந்துருவோம்.

இன்னைக்கு சனிக்கிழமை. வெள்ளனயே கெளம்பிட்டா. நான் கடையைத் திறக்க மாரி திறந்து, அடைச்சுட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுட்டேன். கையும் களவுமாப் பிடிக்கப் போறேன். மூணு பேரும் அங்க ஒண்ணா இருப்பாங்க. என்ன பேசணும்னு காலையில இருந்து மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டுதான் வாரேன். அந்தப் பிள்ளைகிட்ட, இந்தக் கிளாப்பு யாருதுன்னு தெரியுமா உனக்குன்னு கேப்பேன். ராயப்பனை ஏறெடுத்தும் பாக்க மாட்டேன். வடிவுகிட்ட, இனிமே நீ நம்ம வீட்டுக்கு வராண்டாம், உன் அண்ணன் வீட்டுலயே இருந்துக்கோன்னு சொல்லிருவேன். நிசமாத்தான். விளையாட்டுக்குச் சொல்லலை தம்பி. கட்டிக்கிட்டவளே கதவைத் திறந்து விட்டுட்டான்னா அப்பொறம் அந்த வீட்டுல என்ன இருக்கு? எனக்குன்னு சொல்லிக்கிட ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. மேடை போச்சு, குழு போச்சு, கீபோர்டும் போச்சு, காதும் போச்சு. அந்த ஒரு கிளாப்பு இருந்துச்சு.

வாகைக்குளம் தாண்டிட்டு. தம்பி, ஒரு உதவி செய்வீங்களா? எனக்கு ஒரு சாட்சி வேணும். நீங்க சின்ன வயசு, காது நல்லாயிருக்கும். அந்தப் பாட்டை இப்பம் போடுங்க. ஒரு பக்கத்து இயர்போனை எனக்குக் குடுங்க, இடது காதுக்கு. கிளாப்புல வளையல் சத்தம் இருக்கா இல்லையான்னு உங்க வாயால சொல்லிருங்க. அங்க போயி நான் சொன்னா, கெழவனுக்குக் காது கேக்காதுன்னுருவாங்க.

ம், ஆரம்பிச்சிட்டு. பீட்டைப் பாருங்க, அப்படியே எங்க காலத்து பீட்டு. கூச்சமே இல்லாம எடுத்திருக்கா. இந்தா வருது, கேளுங்க, கேளுங்க. இந்தா! கேட்டுச்சா? தட்டு, சிலுங். கேட்டுச்சுல்லா? சந்தேகம் இல்லையே? இது போதும். நிறுத்திருங்க.

ஏன் நிறுத்த மாட்டேங்கீங்க?

கடைசியில ஒண்ணு வருதா? என்ன வருது? கேட்டாத்தான் தெரியுமா? உங்க அக்கா வளைகாப்புல இதைத்தான் போட்டீங்களா? வளைகாப்புல எதுக்கு தம்பி இந்த ஆட்டப் பாட்டு? எல்லா வீட்டுலயும் இப்பம் இதைத்தான் போடுதாங்களா? அந்தக் கடைசி இடத்துக்காவவா? நீங்களும் வடிவு மாரியே சொல்லுதீங்களே. நீங்க நிசமாவே அந்தக் கூட்டத்து ஆளு இல்லையே?

சரி. ஓடட்டும். எனக்கு என்ன பயம்? கேக்கேன்.

நடுவுல இந்தச் சின்த்தை நல்லாத்தான் வாசிச்சிருக்கு. நான் இப்படி யோசிச்சதில்லை. ம். பீட்டை நிறுத்திட்டா. அவ்வளவுதான? முடிஞ்சிட்டுல்லா? ஷ், பேசாதீங்க தம்பி, ஏதோ கேக்கு.

தம்பி.

இன்னொருக்கப் போடுங்க. முதல்ல இருந்து வேண்டாம். அந்தக் கடைசி மட்டும்.

தட்டு. சிலுங். பொறவு சிரிக்கா. "ஆத்தி, உதைக்குங்க. இங்க கையை வச்சுப் பாருங்களேன்." அப்படித்தானே சொல்லுதா? உங்களுக்கும் அப்படித்தான் கேட்டுச்சா?

இது வடிவு தம்பி. அந்தக் காலத்து வடிவு. இப்பம் அவ இப்படிச் சிரிக்க மாட்டா. இப்படிச் சிரிச்சு நான் எத்தனையோ வருசமாக் கேக்கலை.

என்னமோ சொன்னான்னுதான் வெட்டினேன். என்ன சொன்னான்னு இன்னைக்குத்தான் தம்பி கேக்கேன். பிள்ளை உதைக்குன்னு சொல்லியிருக்கா. கையை வச்சுப் பாருங்கன்னு கூப்பிட்டிருக்கா. நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு வளையல் சத்தத்தை அளந்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்தப் பிள்ளையோடது வேற எதுவுமே எங்க வீட்டுல கிடையாது. ஒரு துணி கிடையாது, போட்டோ கிடையாது. வளையலையும் ஆஸ்பத்திரியிலயே போட்டுட்டாங்க. இது ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் பீரோவுக்குள்ள, ஐயப்பன் பஜனைன்னு மேல எழுதி. வீட்டுல நான் கேக்க விடாததை வாரா வாரம் அங்க போயிக் கேட்டிருப்பா.

என்ன கேட்டீங்க? அதுக்குப் பொறவு ஒரு சத்தம் வருதே, அதுவா?

ஆமா. கேட்டேன். "ஷ்ஷ்"னு ஒரு ஆம்பிளை. அவ சிரிச்சு முடிக்கதுக்குள்ள.

அந்த ஆளு யாருன்னு எல்லாரும் கேக்காங்களா? போன்ல எழுதுதாங்களா? என்ன எழுதுதாங்க? திட்டித்தான் எழுதுவாங்க. எழுதட்டும். உங்க அக்காவும் திட்டினாங்களா?

நான்தான் தம்பி அது.

இல்லை, ஒண்ணும் இல்லை. கண்ணுல காத்துப் பட்டுட்டு. இல்லை, காத்து இல்லை, அழுதேன்தான். தண்ணி வேண்டாம், வச்சுக்கிடுங்க. உங்களுக்கு இருபத்திரண்டுன்னுதானே சொன்னீங்க? ஏறினப்பவே கேட்டுட்டேன் பாத்தீங்களா. எந்தப் பிள்ளையைப் பாத்தாலும் எனக்கு வயசு கேக்குத பழக்கம். இருந்திருந்தா உங்க வயசு இருக்கும்.

புதுக்கோட்டையா இது? அப்பம் இன்னும் செத்த நேரந்தான். நான் அங்க போயி என்ன பேசணும்னு அவ்வளவு யோசிச்சு வச்சிருந்தேன். ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரமாட்டேங்கு.

இருங்க, போன் அடிக்கி. அவதான். எடுக்கவா? அந்த இயர்போனைத் திருப்பி வாங்காதீங்க, என் கையிலயே இருக்கட்டும். ஒரு நிமிசம்.

அலோ. வடிவு. ஆமா, நாந்தான். கடையில இல்லை. கடையை அடைச்சிட்டேன். பஸ்ஸுல வாரேன். தூத்துக்குடிக்குத்தான். எல்லாம் தெரியும், நீ எங்க இருக்கன்னும் தெரியும். ராயப்பன் பக்கத்துல இருக்கானா? இருக்கட்டும், போகச் சொல்லாதே. அவனை இருக்கச் சொல்லு. சண்டைக்கு வரலை. சண்டைக்குத்தான் கெளம்பினேன், இப்பம் இல்லை. என் குரலுக்கு ஒண்ணும் ஆகலை.

கேட்டுட்டேன் வடிவு. கடைசி வரைக்கும் கேட்டுட்டேன்.